ஐந்து சொட்டு மருந்தும் டாக்டர் பானும்

(காட்சி: வாடிப்பட்டிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம். புதன்கிழமை காலை, தடுப்பூசி நாள்.)

குழந்தைக்கு ஆறு வாரம். நர்ஸம்மா போலியோ சொட்டு இரண்டு விட்டுவிட்டு, இன்னொரு குப்பியை எடுக்கிறார்.

"இதும் போலியோவாக்கா?"

"இல்லம்மா, இது வயித்தால போறதத் தடுக்க. அஞ்சு சொட்டு. பிள்ளை துப்பிராம பாத்துக்க."

கன்னத்தின் உட்பக்கமாக ஒவ்வொரு சொட்டாக இறங்குகிறது.

(காட்சி: டாக்டர் பான் புகைப்படம்)

இந்தச் சொட்டு மருந்து உருவாக முக்கியக் காரணம், டெல்லி எய்ம்ஸில் குழந்தை மருத்துவராக இருந்த மகராஜ் கிஷன் பான். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்.

இந்தச் சொட்டு தடுப்பது ரோட்டா வைரஸை. அது சிறுகுடலின் உள்சுவரைக் கெடுத்துவிடும். குடித்தது உடம்பில் ஒட்டாது. வாந்தி, காய்ச்சல், தண்ணீராகப் பேதி. நம்ம பக்கம் "பல் முளைக்குது, அதான் போகுது" என்பார்கள். குடலேற்றம் என்று தட்டிவிடத் தூக்கிப் போவார்கள். அதற்குள் குழந்தைக்குக் கண் குழி விழுந்துவிடும், அழுதால் கண்ணீர் வராது. அந்த நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சரி, மருந்து எங்கிருந்து வந்தது? 1980-களின் நடுவில், எய்ம்ஸில் பிறந்த சில குழந்தைகளின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால் அவர்களுக்கு வயிற்றுப்போக்கே இல்லை! பானும் சகாக்களும் அந்தக் குழந்தைகளை விடாமல் கவனித்தார்கள். பின்னாளில் கடுமையான ரோட்டா பேதி அவர்களை அவ்வளவாக அண்டவில்லை. நோய் தராமலே காப்பு தரும் அந்த வைரஸ்தான் 116இ. மனித வைரஸ்தான்; மாட்டு வைரஸின் மரபணு ஒன்று இயற்கையாகவே அதில் கலந்திருந்தது. நோயாளிகள் நிறைந்த மருத்துவமனையில், நோய் வராத பிள்ளைகளைக் கவனிக்கத் தோன்றியதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதன்பின் நீண்ட காத்திருப்பு. அந்த வைரஸிலிருந்து சொட்டு மருந்து தயாரிக்க ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் இறங்கியது. டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் பெரிய சோதனை நடந்தது. வேலூர் என்றால் நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. 2013-இல் முடிவு வந்தது: சொட்டு பெற்ற பிள்ளைகளிடம் முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதி 56 சதவீதம் குறைந்தது. குறைச்சலாகத் தோன்றலாம். ஆனால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலைக்குப் போகும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தப்புகிறார்கள் என்றால் அது சாதாரணமா?

2014-இல் இந்தச் சொட்டு மருந்து 'ரோட்டாவாக்' என்ற பெயரில் உரிமம் பெற்றது. 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது, 2017-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. பான் 2020 ஜனவரி 26 அன்று காலமானார்.

(காட்சி: ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீர்)

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்தச் சொட்டு ரோட்டாவுக்கு மட்டும்தான். வேறு கிருமியாலும் பேதி வரும். வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல், கூடவே துத்தநாக மாத்திரை. பேதிக்குத் துத்தநாகம் தருவது பற்றிய ஆய்விலும் பானுக்குப் பங்கு உண்டு. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழி விழுந்தால் உடனே ஆஸ்பத்திரி.

சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில். தவறிப்போயிருந்தால், ஒரு வயதுக்குள் முதல் தவணையைத் தொடங்கலாம். அரசு சுகாதார நிலையத்தில் காசு கிடையாது.