பாய் கேட்டால் கொடுப்போம்

(வாசகர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்து, இன்று என் பேச்சையே கேட்க வேண்டிய சோதனைக்கு ஆளாகியிருக்கும் புலவர் ஐயா அவர்களே, நண்பகல் முதல் அடுப்படியில் நின்று நமக்கெல்லாம் சுண்டல் செய்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

விருந்தோம்பலைப் பற்றி இடம், உணவு, இன்சொல் என்னும் மூன்று தலைப்புகளில் நான் பேசுவதாக அழைப்பிதழ் கூறுகிறது. முதலில் இடம்.

"இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்" என்று எச்சரித்து வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தவனுக்கு இரவு வந்தால் பாய் வேண்டும்தானே, கேட்பதில் என்ன குற்றம் என்பதே என் கட்சி. திருக்கோவலூரில் ஒரு மழையிரவில் இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்க, பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்க, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று அவர் எழுந்து உட்கார்ந்தார். பேயாழ்வாரும் வந்து சேர, மூவரும் நின்றார்கள், அந்த நெருக்கத்தில் திருமாலை உணர்ந்து ஆளுக்கொரு திருவந்தாதி பாடினார்கள் என்பது வைணவ மரபு. பாய் கேட்டுவிடுவாரோ என்று பொய்கையார் தாழ்ப்பாளைப் போட்டிருந்தால் மூன்று திருவந்தாதிகள் நமக்குக் கிடைத்திருக்குமா?

மாயவரம் பக்கத்துச் சிற்றூரில் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் பிற்பகல் வெற்றிலைத் தட்டும் பூவுமாக ஏழெட்டுப் பேர் வந்து திண்ணையில் அமர்ந்தார்கள். பெரியப்பா வயலுக்குப் போயிருந்தார். அவருக்குத் தெரிந்தவர்கள் போலும் என்று பெரியம்மா செம்பில் தண்ணீர் கொடுத்து, உள்ளே அழைத்து, வாழைக்காய் பஜ்ஜி போட்டு, கேசரி கிண்டி, காபியும் கொடுத்து முடித்தார். வந்தவர்களில் மூத்த அம்மாள், "சம்பந்தி, கைமணம் அபாரம். பெண்ணை வரச் சொல்லுங்கள், பார்த்துவிடலாம்" என்றார். "பெண்ணா? எனக்கு மூன்றும் தடிப்பயல்கள் ஆயிற்றே!" என்றார் பெரியம்மா. அடுத்த தெருவுக்குப் போக வேண்டியவர்கள் தெரு மாறி வந்திருந்தார்கள். தடிப்பயல்களில் மூத்தவனே அவர்களை உரிய வீட்டில் கொண்டுபோய் விட்டான். அங்கே வைத்த கேசரியை அவர்களால் தொட முடியவில்லை. இனிப்பு பிடிக்கவில்லையோ என்று பெண் வீட்டார் கலங்கிப்போனார்கள். ஆனாலும் அந்தச் சம்பந்தம் கூடியது. திருமணப் பந்தியில் பெரியம்மாவுக்குத்தான் முதல் இலை.

பெரியம்மா நல்லவர் என்பதை மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்க நான் விரும்பவில்லை. அந்த வீட்டில் திண்ணை இருந்தது. திண்ணை வீட்டைச் சேர்ந்ததுதான், ஆயினும் வீட்டுக்குள் இல்லை. முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டாமலே அமரலாம். வீட்டார் அவரை உள்ளிருந்தபடியே பார்த்துத் தெளிந்து, பிறகு தண்ணீர் கொண்டுவரலாம். சில வீடுகளில் வழிப்போக்கர் தலை சாய்க்கத் திண்ணையிலேயே சாய்வாகத் திண்டு கட்டியிருப்பார்கள். பாய் கேட்பான் என்று தெரிந்தேதான் கட்டினார்கள்! இன்றைய இரும்புக் கதவுக்கு வெளியே நிற்பவர், தாம் இன்னார் என்று தெருவில் நின்றே மெய்ப்பித்தாக வேண்டும். இன்றைய மக்கள் கல்நெஞ்சர் ஆகிவிட்டார்கள் என்று மேடைகளில் புலம்புகிறோம். நெஞ்சு அப்படியேதான் இருக்கிறது, உட்கார வைக்கத்தான் இடமில்லை.

மனை விலை ஏறியது, வண்டி நிறுத்த இடம் தேவைப்பட்டது என்பவற்றையெல்லாம் நான் மறுக்கவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போட்டதில் தெரு உயர்ந்து, திண்ணை தரையோடு தரையாகி, மழைநீரும் வீட்டுக்குள் புகுந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நகர்மன்றத் தலைவர் அவர்கள் இங்கே இருப்பது என் பேறு. சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும். தம் சொந்த மனைக்குள் திண்ணை கட்டுவோருக்குச் சொத்து வரியில் சிறு சலுகை தர வேண்டும் என்ற இரு கோரிக்கைகளையும் அவர் முன் பணிவோடு வைக்கிறேன். அப்புறம் ஊரெல்லாம் வந்து பாய் கேட்குமே என்று அவர் கவலைப்பட வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உணவு என்ற தலைப்பில், 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். தலைவர் மணியடித்துவிட்டார், இன்சொல்லுக்கும் இனி நேரமில்லை. கோரிக்கை மனு வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. சுண்டல் வாங்கும் கையோடு அதில் கையெழுத்தும் இட்டு, வாடகை வீடா சொந்த வீடா என்பதையும் மறவாமல் குறித்துவிடுமாறு வேண்டுகிறேன்.