தாந்தே அலிகியேரி போர்க்கப்பல்: வெள்ளை யானையா, வழிகாட்டியா? "வழிகாட்டியே" அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் வெளுத்து வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். இத்தாலி 1909இல் கட்டத் தொடங்கி, 1913 ஜனவரியில் முடித்த தாந்தே அலிகியேரி முதல் உலகப் போர் முழுக்க எதிரியை நோக்கி ஒரு குண்டுகூடச் சுடவில்லை, 1928இல் பழைய இரும்புக்குப் போய்விட்டது, ஆகவே வெள்ளை யானை என்கிறார். சுடவில்லை என்பது உண்மைதான். அதை மறுத்தால் நடுவரே என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுவார். ஆனால் சுடவில்லை என்பதற்காக வீண் என்று சொல்வதா? அங்கேதான் எனக்குச் சண்டை.

முதலில் அந்தக் கப்பல் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். இத்தாலியக் கடற்படைப் பொறியாளர் விட்டோரியோ குனிபெர்ட்டி 1903இல் இங்கிலாந்தின் போர்க்கப்பல் ஆண்டு மலர் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். சின்னதும் பெரியதுமாகப் பல அளவுப் பீரங்கிகள் வேண்டாம், ஒரே அளவில் பன்னிரண்டு பெரிய பீரங்கிகள் வையுங்கள், வேகமும் கூட்டுங்கள் என்றார். அவர் நாட்டிலேயே "நம்மால் தாங்காது" என்று கைவிரித்துவிட்டார்கள். 1906இல் பிரிட்டன் அதே போக்கில் ட்ரெட்நாட்டைக் கடலில் இறக்கியதும் உலகமே அந்தப் பக்கம் ஓடியது. அவர் கட்டுரையைப் பார்த்துத்தான் பிரிட்டன் கட்டியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் மனத்திலும் அதே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் இத்தாலியும் விழித்துக்கொண்டது. குனிபெர்ட்டியின் யோசனைகளை அடிப்படையாக வைத்து எதோவார்தோ மாஸ்தேயா வரைந்த கப்பல்தான், நேப்பிள்ஸ் பக்கத்துக் காஸ்தெல்லாம்மாரே தளத்தில் உருவான நம் தாந்தே.

இப்போது பீரங்கிக் கூண்டுக்கு வாருங்கள். அதாவது கவசம் போர்த்திய சுழல் கூண்டு. அதுவரை எல்லா நாடுகளும் கூண்டுக்கு இரண்டு பீரங்கி வைத்தார்கள். பன்னிரண்டு பீரங்கி வேண்டுமென்றால் ஆறு கூண்டு வேண்டும். ஒவ்வொரு கூண்டுக்கும் கீழே தனி வெடிமருந்து அறை, குண்டு ஏற்றும் தூக்கி, அதைச் சுற்றித் தடித்த கவசம். கப்பல் நீளும், எடை ஏறும். தாந்தேயில் கூண்டுக்கு மூன்று பீரங்கி. 305 மில்லிமீட்டர் பீரங்கிகள் பன்னிரண்டும் நாலே கூண்டில் அடங்கின. நாலும் கப்பலின் நடுக்கோட்டில் வரிசையாக நின்றன. பக்கவாட்டில் திருப்பினால் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் சுடும். புகழ்பெற்ற ட்ரெட்நாட்டில் பத்துப் பீரங்கி இருந்தும் ஒரு பக்கம் எட்டுதான் சுடும்! அமெரிக்கா அதே காலத்தில் ஆறு இரட்டைக் கூண்டு வைத்துக் கட்டிய வயோமிங் 26,000 டன். தாந்தே சாதாரண நிலையில் 20,000 டன்னுக்கும் குறைவு. அமெரிக்கக் கப்பலில் கவசம் கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகத்தில் நம்மவர் முன்னால்: ஏறத்தாழ 23 நாட், அதாவது மணிக்கு 23 கடல் மைல்.

"முன்னால் நேராகச் சுட மூன்று பீரங்கிதானே?" என்று கேட்டார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். சரியான கேள்வி. கூண்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்ததால் வந்த குறை அது. முன் கூண்டுக்குப் பின்னால் இன்னொன்றை உயர்த்தி வைத்திருந்தால் ஆறாகியிருக்கும். அடுத்து வந்த காவூர் வகைக் கப்பல்களில் இத்தாலியர்கள் இரட்டைப் பீரங்கிக் கூண்டு ஒன்றை அப்படித்தான் உயர்த்தி வைத்தார்கள். ஆனால் அன்றைய கடற்படைகள் வரிசை கட்டி நின்று பக்கவாட்டில் அடித்துக்கொள்ளவே பயின்றவை. அந்தக் கணக்குக்குத் தாந்தே சரியாகவே பொருந்தியது.

"முதல் மூன்று பீரங்கிக் கூண்டு என்ற பெருமைகூட ஆஸ்திரியாவுக்குத்தானே?" என்றும் கேட்டார்கள். ஆஸ்திரியாவின் விரிபுஸ் உனிடிஸ் கப்பல் சில வாரம் முந்திக் கடற்படையில் சேர்ந்தது, உண்மை. ஆனால் அதைக் கட்டத் தொடங்கியது 1910 ஜூலையில். தாந்தேயைத் தொடங்கி ஓராண்டு ஆகிவிட்டது! பின்னால் ஓடி வந்தவன் முதலில் கோட்டைத் தொட்டான் என்பதற்காக, வழி காட்டியவன் யார் என்பது மாறிவிடுமா? அமெரிக்காவின் அயோவா, ஜப்பானின் யமாட்டோ, இத்தாலியின் லிட்டோரியோ என்று பின்னால் வந்த ராட்சதக் கப்பல்களை எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றிலும் கூண்டுக்கு மூன்று பீரங்கிதான்.

சரி, போருக்கு வருவோம். ஏன் சுடவில்லை? சுட எதிரி வெளியே வரவில்லை! ஆஸ்திரியாவின் பெரிய கப்பல்கள் போலாத் துறைமுகத்தில் ஒதுங்கிக்கொண்டன. இத்தாலியின் பெரிய கப்பல்கள் தெற்கே தாரந்தோ துறைமுகத்தில் காத்திருந்தன. நடுவில் இருக்கும் ஏட்ரியாட்டிக்கோ குறுகிய கடல், அதில் நீர்மூழ்கியும் கண்ணிவெடியும் நிறைந்துகிடந்தன. 1915 ஜூலையில் மட்டும் அமால்ஃபி, ஜூசெப்பே கரிபால்டி என்று இரண்டு இத்தாலியக் குரூசர்களை நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. அதற்கப்புறமும் பெரிய கப்பலை அங்கே சும்மா உலவ விடுவார்களா? கடற்படைத் தலைவர் தாவோன் தி ரெவெல் விடவில்லை.

இங்கேதான் எதிரணி தன் பெரிய ஆயுதத்தை எடுத்தது. 1918 ஜூனில் லூயிஜி ரிட்ஸோ ஒரு சின்ன மோட்டார் படகில் போய் ஆஸ்திரியாவின் ஸ்ஸெண்ட் இஷ்த்வான் என்ற பெரிய போர்க்கப்பலை மூழ்கடித்தாரே, கடுகு சிறுத்தாலும் காரம் போகாது, ராட்சதன் எதற்கு என்றார்கள். கைதட்டலும் வாங்கினார்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள். தாரந்தோவில் தாந்தேயும் அதன் கூட்டாளிகளும் இல்லையென்றால், ஆஸ்திரியாவின் நாலு ட்ரெட்நாட் வகைக் கப்பல்களும் ஏட்ரியாட்டிக்கோவின் வாசலான ஒட்ரான்டோ நீரிணை வரை நினைத்தபோதெல்லாம் வந்து போயிருக்காதா? அவை அபூர்வமாக வெளியே வந்ததால்தான் அந்த ஒருநாள் ரிட்ஸோவுக்கு வாய்த்தது. 1918 அக்டோபரில் ஆஸ்திரியர் கையில் இருந்த அல்பேனியாவின் துராஸோத் துறைமுகத்தின் மேல் நேச நாடுகள் குண்டு பொழிந்தபோதும் தாந்தே கடலில் காவல் நின்றது. காவல்காரன் திருடனை அடிக்கவில்லை என்று சம்பளத்தைப் பிடிப்பீர்களா?

கடைசியாக ஒன்று, நடுவரே, மணியில் கை வைத்துவிட்டீர்கள், தெரிகிறது. போர்க்களக் கணக்கை மட்டும் வைத்துத்தான் தீர்ப்பு என்றால், அந்த ட்ரெட்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகையே மாற்றிய கப்பல். போர் முழுக்க அது மூழ்கடித்தது 1915 மார்ச்சில் ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி. அதுவும் பீரங்கியால் சுட்டு அல்ல, மூக்கால் மோதி! 1921இலேயே அதையும் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். எதிரணி அதையும் வெள்ளை யானை என்று சொல்லட்டும், நான் உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.