பிடிப்பதற்கே பாதிக் கருவிகள்

நேயர்களுக்கு வணக்கம். மரத்தில் மாதிரிக் கப்பல் செய்கிறேன் என்று சொன்னால், பலரும் முதலில் கேட்பது, "என்ன மிஷின் வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான். சின்ன மேசை ரம்பம் இருக்கிறது, கையில் பிடிக்கிற மோட்டார் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மரத்தை மெல்லிய பட்டைகளாக அறுத்துக் கொடுத்ததும் மிஷினின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் கைதான். அந்தக் கைவேலையில் வெட்டுவது கொஞ்சம், பிடிப்பதுதான் அதிகம்.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், கையில் பென்சில் வேண்டாம். 48-இல் ஒரு பங்கு என்பது பலரும் எடுத்துக்கொள்ளும் அளவு. ஆறடி மனிதர் இந்தக் கப்பலில் ஒன்றரை அங்குலம்தான் இருப்பார். நிஜக் கப்பலில் நான்கு அங்குலக் கனமுள்ள பலகை, இங்கே 2 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதை முன்பக்கத்தில், கப்பலின் மூக்கில், வளைத்து ஒட்ட வேண்டும். தண்ணீரில் நனைத்துச் சூடு காட்டினால் மரம் இளகும், சொன்னபடி வளையும். கையை எடுத்ததும் கொஞ்சம் நிமிரப் பார்க்கும். ஆகவே காயும்வரை யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த யாராவதுதான் துணி கிளிப். சிரிக்காதீர்கள். கொடியில் துணி காயப்போடுகிற மரக் கிளிப்பையே சொல்கிறேன். சுருள்வில்லைக் கழற்றி, இரண்டு மரத்துண்டுகளையும் முதுகோடு முதுகாகத் திருப்பி, மறுபடி வில்லை மாட்டுங்கள். இப்போது வாய் நீளமாக, ஒடுக்கமாக ஆகிவிடும். கப்பல் உடலின் விலா எலும்புகள் போல நிற்கும் விலாச் சட்டங்களுக்கு நடுவே நுழையும். நுனியைக் கத்தியால் இன்னும் சீவிக்கொள்ளலாம். விலை கொடுத்து வாங்கிய இரும்புப் பிடிப்பான்களும் என்னிடம் உண்டு. அவை பட்டையில் பல் பதித்துவிடுகின்றன. கிளிப் மரம், பட்டையும் மரம், ஒன்றையொன்று காயப்படுத்துவதில்லை. பிடி போதவில்லை என்றால் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொள்ளலாம்.

கத்தியைப் பற்றி ஒரே வார்த்தை: பிளேடை மாற்றுங்கள். மழுங்கிய பிளேடுக்கு அதிக அழுத்தம் கொடுப்போம், அது வழுக்கி விரலுக்கு வரும். ஊசி அரமும் உப்புத்தாளும் எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன்.

'பின் வைஸ்' (pin vise) என்கிற கைத் துளைக்கருவியை மட்டும் விட முடியாது. விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குச்சி. ஒரு நுனியில் மெல்லிய துளையூசியைக் கவ்வும் வாய், மறுநுனியில் உள்ளங்கையில் ஊன்ற ஒரு சுழலும் குமிழ். அரை மில்லிமீட்டர் ஊசியை மோட்டாரில் மாட்டிக் கை கொஞ்சம் சாய்ந்தால் பட்டென்று ஒடியும். பின் வைஸில் விரலால் உருட்டும்போது, மரம் எங்கே இறுகுகிறது, எங்கே விடுகிறது என்று விரலுக்கே தெரியும். பாருங்கள், இதுவும் பிடிக்கிற கருவிதான்.

அந்தத் துளைகள் எதற்கு? பழைய மரக் கப்பல்களில் பலகையை விலாவோடு சேர்க்க மர ஆணிகளையும் அடித்தார்கள். ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஆணி என்றால், நம் அளவுக்கு 0.8 மில்லிமீட்டர். இதற்கு நான் மூங்கிலை விரும்புகிறேன். நார் நேராக ஓடுவதால் எவ்வளவு மெலிந்தாலும் சட்டென்று அறுந்துபோகாது. மூங்கில் சிம்பின் நுனியைக் கூராக்கி, பொற்கொல்லர்கள் கம்பி இழுக்கிற தகட்டின் துளையில் நுழைத்து, குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். பெரிய துளையில் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சிறிய துளைக்கு.

நகை வேலை செய்கிற நண்பர் ஒருவர் இதைப் பார்த்துப் பதறிப்போனார். "சார், தகட்டைத் தலைகீழா வச்சிருக்கீங்க!" என்றார். அவர் சொன்னது அவர் தொழிலுக்கு முழுக்கச் சரி. துளை ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். வெள்ளிக் கம்பியை அகலப் பக்கமாக விட்டால்தான் அது நசுங்கி நீளும். அங்கே எதையும் சீவக் கூடாது. மூங்கில் அப்படி நீளாது, அதைச் சீவித்தான் ஆக வேண்டும். அதனால் ஒடுக்கமான பக்கமாக நுழைக்கிறேன், துளையின் கூரான விளிம்பே கத்தியாகிறது. நண்பருக்கு நம்பிக்கை வரவில்லை. குறட்டை என் கையிலிருந்து வாங்கி, முதலில் அவர் வழியில் இழுத்தார். சிம்பு பாதியில் இறுகி நின்றுவிட்டது. திருப்பி வைத்து இழுத்தார். சுருள் சுருளாகத் தூள் உதிர்ந்து ஆணி வழுவழுவென்று வந்தது. அப்புறம் குறட்டைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. மூங்கில் தீரும்வரை அவரே இழுத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் போலிருக்கிறது. கயிறு முறுக்கும் கருவியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: மூன்று நூல்களைத் தனித்தனியாக ஒரே திசையில் முறுக்குங்கள், பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுகவிடுங்கள். ஒரு முறுக்கு மற்றொன்றை அவிழவிடாது. முறுக்கும்போது மூன்று நூலும் ஒரே இழுவிசையில் இருக்கட்டும். ஒன்று தளர்ந்தாலும் கயிறு புடைத்துக்கொள்ளும். பிசிறு தெரிந்தால் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.