செத்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தால்: நீண்ட பேய்த்தொடர்களை வாசகர் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவு முள்ளியவளையில் இருந்து கதைக்கிறேன். இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டும் வீடியோ இல்லை. கதைப்புத்தகம் பற்றிக் கதைக்கப் போகிறேன், அதிலும் பேய்க்கதை.

பாகம் பாகமாக வருகிற அமானுஷ்யத் தொடர்கள் இருக்கின்றன. இப்போது போனிலேயே நாளுக்கு ஒரு அத்தியாயம் என்றும் வருகின்றன. அவற்றைச் சாப்பாடு தண்ணி மறந்து வாசித்த ஆட்கள் ஒரு கட்டத்தில் சத்தம் இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கோபித்துக்கொண்டு போவதும் இல்லை, குறை சொல்வதும் இல்லை, அடுத்த அத்தியாயத்தைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். வாசிக்கிற சனம் குறைந்து போகிற காலத்தில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் கைவிடுவது எனக்குக் கவலையான விஷயம். அதனால்தான் இதைத் தனி வீடியோவாகவே எடுக்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஏ.எல். படிக்கிற ஒரு தங்கச்சி இருக்கிறா. புதுக்குடியிருப்புக்கு ரியூசனுக்குப் போகும்போது பஸ்ஸில் ஒரு தொடர் வாசிப்பா. முந்நூறு அத்தியாயம் தாண்டின கதை. முன்பெல்லாம் அன்றைக்கு என்ன நடந்தது என்று வழியில் மறித்துச் சொல்லுவா. கொஞ்ச நாளாகப் பேச்சே இல்லை. கேட்டேன். அவ சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அண்ணா, இப்ப அதில ஆர் செத்தாலும் எனக்கு ஒண்டும் செய்யுதில்லை. எப்பிடியும் அடுத்த கிழமை வந்திடுவினம்."

கதை நீண்டுபோனதுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நீளத்துக்குப் பயந்த சனம் இல்லை நாங்கள். இந்த மண்ணில் கோவலன் கூத்து விடிய விடிய ஆடுகிறார்கள். முல்லைமோடி என்று எங்களுக்கென்று ஓர் ஆட்டமுறையே இருக்கிறது. பாயைக் கொண்டுவந்து விரித்துக்கொண்டு இருக்கிற கிழவிகளுக்கு முழுக்கதையும் பாட்டோடு பாடம். சிலம்பை விற்கப் போகிறான், தட்டான் பொய் சொல்லப் போகிறான், வெட்டப் போகிறார்கள், எல்லாம் தெரியும். போன வருஷமும் பார்த்தார்கள், அதற்கு முதல் வருஷமும் பார்த்தார்கள். ஆனாலும் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுகிற இடத்தில் பக்கத்தில் இருக்கிற அம்மம்மாவின் முகத்தைப் பாருங்கள். வெற்றிலை மெல்லுகிறது நின்றுவிடும். "போகாதையடா" என்று வாய்விட்டே சொல்லுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள், ரோட்டில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று போகட்டும்... சரி, போய்விட்டது.

முடிவு தெரிந்த கதை, வருஷா வருஷம் அதே கதை. அது சலிக்கவில்லை. நாளுக்கு நாள் புதுத் திருப்பம் வைக்கிற கதை சலிக்கிறது. அப்படியென்றால் பிரச்சினை வேறு எங்கேயோ இருக்கிறது.

இளங்கோவடிகளும் கோவலனை ஒருமுறை எழுப்புகிறார். சிலப்பதிகாரத்தில் ஊர்சூழ்வரி எடுத்துப் பாருங்கள். வெட்டுண்டு கிடக்கிற கணவனைக் கண்ணகி தழுவிக்கொள்கிறாள். அவன் எழுந்து நிற்கிறான். உன் முகம் வாடிவிட்டதே என்கிறான். அவள் கண்ணீரைத் தன் கையால் துடைக்கிறான். அவள் காலில் விழுகிறாள், நீ இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு அவன் வானுலகம் போய்விடுகிறான். ஓரிரு கணம், அவ்வளவுதான். செத்தவன் எழும்புகிற காட்சிதான் அது, அமானுஷ்யம்தான். ஆனால் அந்த எழும்புதலால் இழப்புக் குறையவில்லை, கூடியது. அதற்குப் பிறகுதான் அவள் அரசன் வாசலுக்குப் போகிறாள், மதுரை எரிகிறது. கோவலன் அப்படியே எழும்பி அவளோடு வீட்டுக்கு வந்திருந்தால் மதுரை எரிந்திருக்காது. எங்கள் வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் கோயிலும் இருந்திருக்காது.

இன்றைய தொடர்கள் பல செய்வது இதற்கு நேர் எதிர். மூன்றாம் பாகத்தில் ஒருவர் சாவார், ஐந்தாம் பாகத்தில் வேறு உடம்போடு வருவார். ஏழில் அவருடைய ஆவி, எட்டில் அவரைப்போலவே இன்னொருவர். முதல் தடவை வந்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம், உண்மைதான். பிடித்த ஆள் திரும்பி வந்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இல்லை? ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு வாசகர் ஒரு விலை கொடுக்கிறார். அடுத்த சாவை நம்ப மாட்டார். சாவை நம்பாவிட்டால் ஆபத்தை நம்ப மாட்டார். ஆபத்தை நம்பாதவருக்கு இருட்டில் கதவு திறக்கிற சத்தம் வெறும் கதவு திறக்கிற சத்தம்தான்.

வன்னியில் இருந்து இதை வாசிப்பது வேறு மாதிரியும் இருக்கிறது. நிதானமாகத்தான் சொல்கிறேன். 2009 இல் போர் முடிந்த பிறகு இங்கே ஆளை இழக்காத குடும்பம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் இருந்து தொடங்கின போராட்டம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை இருக்கிறதா இல்லையா என்ற ஒரு பதிலுக்காகக் காத்திருந்து, அது கிடைக்காமலே கண்மூடின தாய்மாரும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒரு கதையை விரிக்கிறது. அந்தக் கதையில் சாவு என்பது அத்தியாயம் முடிக்கிறதுக்கு ஒரு வழி, திரும்பி வருவது அடுத்ததைத் தொடங்குகிறதுக்கு ஒரு வழி. அந்தப் பிள்ளைக்கு ஏதோ ஒன்று ஒட்டாது. என்ன ஒட்டவில்லை என்று சொல்லத் தெரியாது, புத்தகத்தை மூடி வைத்துவிடும். பேய்க்கதை எழுதுகிறவர்கள் சாவைத்தான் கையில் எடுக்கிறார்கள். அதை மரியாதையோடு எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாகவே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 'சூப்பர்நேச்சுரல்' என்றே பெயர் வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் 2005 இல் இருந்து 2020 வரை ஓடியது. 15 பருவம், 327 அத்தியாயம். பேய் பிசாசுகளை வேட்டையாடும் ஒரு அண்ணன் தம்பியின் கதை. அதை உருவாக்கிய எரிக் கிரிப்கி ஐந்து பருவத்துக்குத்தான் கதை வைத்திருந்தார். ஐந்தாவது முடிந்ததும் பொறுப்பை மற்றவர்களிடம் கொடுத்தார், தொடர் மேலும் பத்துப் பருவம் போனது. அண்ணனும் தம்பியும் எத்தனையோ முறை செத்துச் செத்து வந்தார்கள். கடைசி வரை கூட இருந்த பெரிய கூட்டம் ஒன்று உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் இருந்தது அந்த இரண்டு பேர் மீது வைத்த பாசத்தால். பாசம் ஒரு தொடரைக் காப்பாற்றும், ஓம். பயத்தைத் தேடி வந்தவர் எப்போதோ எழும்பிப் போயிருப்பார்.

அடுத்தது, எல்லாவற்றையும் விளக்குகிற பழக்கம். இது கெதியாகச் சொல்லக்கூடியது. முதல் பாகத்தில் பாலை மரத்தடியில் ஒரு சலங்கைச் சத்தம். யார், ஏன் என்று தெரியாது. உடம்பு கூசும். நாலாம் பாகம் வரும்போது அந்தப் பேயின் தகப்பன் பெயர், எந்த லோகம், அங்கே யார் அரசன், யாருக்கு என்ன சக்தி, எல்லாவற்றுக்கும் கணக்கு வந்துவிடும். கணக்கு வந்த இடத்தில் பயம் நிற்காது. எங்கள் காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிற பழைய ஆட்கள் உள்ளே இறங்க முதல் ஒரு குழையை முறித்து ஐயனாருக்கு வைத்துவிட்டுத்தான் போவார்கள். வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று சின்ன வயதில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "வைச்சிட்டு வா" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அந்தக் காட்டுவழி முழுக்க நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன்.

என் சித்தியிடம் ஒரு தொடர்கதை இருந்தது. வார இதழில் வந்த பக்கங்களைக் கிழித்து ஊசிநூலால் தைத்து வைத்த கட்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம். மின்சாரம் இல்லை, இந்தியப் புத்தகங்கள் எப்போதாவது ஒன்று வந்து சேரும். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, துளித் துளியாக மண்ணெண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கில்தான் வாசிப்பு. அந்தக் கட்டில் இடையிடையே வாரங்கள் இல்லை. பேய் பங்களாவுக்குள் போன பெண் அடுத்த பக்கத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பா. நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. சித்தி ஒன்று சொல்லுவா, பக்கத்து வீட்டு அக்கா வேறொன்று சொல்லுவா. இரண்டு பேரும் சொன்னது எழுத்தாளர் எழுதினதை விடப் பயங்கரமாக இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. ஏனென்றால் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த இருட்டை அதற்குள் வைத்தார்கள். வாசகருக்கு இடம் விட்டால் வாசகர் போக மாட்டார். நாளுக்கு ஒரு அத்தியாயம் போட்டு எல்லா இடத்தையும் அடைத்துவிடுகிறபோது எங்களுக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை.

எழுதுகிறவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று வருமானம் வருகிறபோது முடிக்க மனம் வராது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வாசகர்களும் "முடிச்சிடாதீங்கோ" என்றுதான் கெஞ்சுகிறோம். அதனால் எழுத்தாளரை மட்டும் குற்றம் சொல்லி நான் கதைக்க மாட்டேன். ஆனால் முடித்தவர்களும் இருக்கிறார்கள். சார்லெய்ன் ஹாரிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் இரத்தக்காட்டேரிகளை வைத்து எழுதிய தொடர் 2001 இல் தொடங்கி 2013 இல் 13 ஆவது நாவலோடு முடிந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த தொடர், தொலைக்காட்சிக்கும் போனது. அவர்தான் காணும் என்று நிறுத்தினார். நாயகி கடைசியில் யாரோடு சேர்ந்தாள் என்பதில் நிறைய வாசகர்களுக்குக் கோபம். கோபம் வந்ததே பெரிய விஷயம் என்பேன். 13 புத்தகம் கழித்தும் ஒரு முடிவுக்காகக் கோபப்படுகிற வாசகர் இன்னும் கதைக்குள்தான் இருக்கிறார்.

நீண்டும் சலிக்காத அமானுஷ்யத் தொடருக்கு எங்களிடமே ஒன்று இருக்கிறது: விக்கிரமாதித்தனும் வேதாளமும். பழைய நூலில் 25 கதை. 11 ஆம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே அது இருக்கிறது. பிறகு 1947 இல் தொடங்கிய அம்புலிமாமா அந்த 25 ஓடு நிற்காமல் புதிது புதிதாகப் பல பத்தாண்டுகள் போட்டுக்கொண்டே இருந்தது. சங்கர் வரைந்த அந்தப் படம், தோளில் பிணத்தைச் சுமந்துகொண்டு வாளோடு நடக்கிற அரசன், அதைப் பார்க்காத தலைமுறை எங்கள் வீடுகளில் இல்லை. அது ஏன் சலிக்கவில்லை? வேதாளத்தின் சக்தி கூடவே இல்லை. அதைவிடப் பெரிய வேதாளம் ஒன்று வரவே இல்லை. ஒரே சட்டம்தான்: விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குப் போய்விடும். அந்தச் சட்டத்தை யாரும் இடையில் மாற்றவில்லை. பழைய நூலில் அது முடிகிற விதமும் அருமை. கடைசிக் கேள்விக்கு அரசனுக்கு விடை தெரியாது. பேசாமல் நடக்கிறான். அந்த மௌனத்தால்தான் வேதாளம் அவனுக்கு வசப்படுகிறது, அவனைக் கொல்லக் காத்திருக்கிற துறவியின் சூழ்ச்சியையும் சொல்லிக் காப்பாற்றுகிறது. சண்டையும் இல்லை, இன்னொரு மந்திரமும் இல்லை, தெரியாது என்ற ஒன்றை வைத்தே முடித்திருக்கிறார்கள். நான் எத்தனை தரம் வாசித்தாலும் அந்த இடத்தில் நின்று யோசிப்பேன்.

அந்தத் தங்கச்சிக்கு நான் தொடரை வாசி என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. எந்த அத்தியாயத்தில் கடைசியாக அழுதாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கதாநாயகியின் அண்ணன் முதல் தடவை செத்த இடம் என்றா. அப்படியானால் உன் கதை அங்கே முடிந்துவிட்டது, அதை அப்படியே வைத்துக்கொள், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் உனக்கு வேண்டாம் என்றேன். அவவுக்கு அது பிடித்திருந்தது. இப்போது சித்தியின் கட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறா, அந்த இல்லாத வாரங்களில் என்ன நடந்தது என்று கொப்பியில் எழுதுகிறாவாம்.

தொடர் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால் ஒரு வேண்டுகோள். அடுத்து யாரையாவது சாகடிக்கப் போகிறீர்கள் என்றால் அவரைச் சாகவே விடுங்கள். நாங்கள் அழுகிறோம், பரவாயில்லை. அழுதுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குக் கட்டாயம் வருவோம்.

அடுத்த வீடியோவில் இங்கே கோவலன் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரோடு கதைக்க இருக்கிறேன், அவர் ஓம் என்று சொல்லிவிட்டார். வெட்டுகிற காட்சியைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குகிறார் என்று கேட்க வேண்டும். சரி உறவுகளே, சந்திப்போம்.