மரப்படகு மக்குறது கடல் தண்ணியாலயா, மழைத் தண்ணியாலயா?

[காட்சி: கரையேற்றிய பழைய மரப்படகு. கேமரா தளத்தின் விளிம்பை நெருங்குகிறது.]

படகு மக்கிப் போச்சுன்னா முதல்ல கடல் மேலதான் பழி போடுறோம். ஆனா பழைய படகுகள்ல மக்கல் பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலதான் தொடங்குது. அதுக்குக் காரணம் தேங்கி நிக்கிற மழைத் தண்ணி.

மரத்தை மக்க வைக்கிறது பூஞ்சை. அதுக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தே வேணும். மரத்தோட ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அது வளராது. எப்பவும் தண்ணிக்குள்ளேயே ஊறிக் கிடக்கிற மரத்துல காற்று போதாம திணறும். உப்பும் அதுக்கு ஆகாது. 1628-ல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்துல மூழ்கின வாசா போர்க்கப்பலை 1961-ல் தூக்கினப்போ, மரம் பெரும்பாலும் கட்டுக்குலையாம இருந்துச்சு. அங்க பால்டிக் கடல்ல உப்பு குறைவு, அதனால மரத்தைத் துளைக்கிற கப்பல் புழுவும் பிழைக்கல. மத்த கடல்கள்ல அந்தப் புழுவுக்காக அடிப்பாகத்துக்குத் தனிப் பூச்சு அவசியம்.

[காட்சி: பலகையின் வெட்டுமுனை, நெருக்கத்தில்.]

இந்த வெட்டுமுனையைப் பாருங்க. மரத்தோட நாளங்கள் இங்க திறந்து கிடக்கு. உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணியை உள்ளே இழுக்கும். அதனால தளமும் பக்கப்பலகையும் சேர்ற இடம், வங்குகளோட, அதாவது விலா எலும்பு மாதிரி படகைத் தாங்குற சட்டங்களோட தலை, அணியத்தோட (படகு முன்பக்கம்) உள்பக்கம், அமரத்து (பின்பக்கம்) மூலைகள், இதையெல்லாம் முதல்ல சோதிங்க. பெயின்ட் பளபளன்னு இருக்கேன்னு விட்டுடாதீங்க. மரச்சுத்தியால தட்டுங்க. நல்ல மரம் கணீர்னு பேசும், மக்கினது பொத்துன்னு அடங்கும். சந்தேகம் வந்த இடத்துல குத்தூசியை அழுத்துங்க, தடையில்லாம இறங்கினா அங்க மரம் போயிடுச்சு.

ஆணியைச் சுத்தி மட்டும் மரம் கறுத்து மெத்துன்னு இருந்தா, அது இரும்புத் துருவோட வேலையா இருக்கலாம். அதுக்கு ஆணியை மாத்தணும்.

[காட்சி: படகின் உட்புறம், வங்குகளுக்கு அடியில்.]

வங்குகளுக்கு அடியில தண்ணி ஓட சின்னத் துளைகள் இருக்கும். தூசியும் மரத்தூளும் அடைச்சா ஒவ்வொரு வங்குக்கும் நடுவுல ஒரு குட்டை உருவாகும். கம்பி விட்டு அதைத் திறங்க. உள்ளறைக் கதவுகளையும் திறந்தே வைங்க. மூடாக்கு போடுறப்போ ரெண்டு முனையிலயும் காற்று போய் வரணும். இறுக்கிக் கட்டின பிளாஸ்டிக் தார்ப்பாய், மழையை விட அதிகமா கெடுக்கும்.

மருந்துன்னா போரேட் கரைசல், அதாவது போரான் உப்பைத் தண்ணியில கரைச்சது. ஈர மரத்துக்குள்ளயும் ஊடுருவிப் பூஞ்சையைக் கொல்லும். ஆனா தண்ணியில கரைஞ்சு வெளியேறிடும், அதனால மரம் காய்ஞ்சதும் மேல பெயின்ட் அடிக்கணும்.

ஒண்ணை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். ஈரமான மரத்து மேல எபாக்சிப் பிசினும் ஃபைபர்கிளாஸும் (கண்ணாடியிழை) போர்த்தாதீங்க. வெளியே கல்லு மாதிரித் தெரியும், உள்ளே அடைபட்ட ஈரத்துல மக்கல் யாருக்கும் தெரியாம பரவும். எத்தனையோ நல்ல படகுகள் இப்படித்தான் போச்சு. மக்கின பகுதியை நல்ல மரம் தெரியிற வரைக்கும் வெட்டி எடுங்க. ஒட்டுப்பலகையைத் தடிமனைப் போலக் குறைஞ்சது 8 மடங்கு நீளத்துக்குச் சாய்வா சீவிப் பொருத்துங்க.

அதுக்காக வெயில்ல போட்டுக் காய வைக்கவும் கூடாது. பலகை சுருங்கி, கலப்பத்து அடிச்ச, அதாவது தண்ணி புகாம அடைச்ச இடுக்குகள் வாய் பிளக்கும். நிழல், காற்றோட்டம், அது போதும்.

தளத்தைக் கழுவ நல்ல தண்ணி வேண்டாம், கடல் தண்ணியே எடுங்க. மழை பெஞ்ச மறுநாள் உள்ளே இறங்கி, தேங்கின தண்ணியை ஒத்தி எடுத்துடுங்க.