பெல்பாட்டம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

[காட்சி: மேசையில் இரண்டு பெல்பாட்டம் ஜீன்ஸ்]

இடப்பக்கம் இருப்பது 1970-களில் தைத்தது. வலப்பக்கம் இருப்பது போன வருடம் வாங்கியது. தள்ளி நின்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கையில் எடுத்தால்தான் சங்கதி தெரியும். பழையது நல்ல கனம். எவ்வளவு இழுத்தாலும் துணி அசையாது. புதியதை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். காரணம் ஸ்பாண்டெக்ஸ், 1958-ல் டூபாண்ட் நிறுவனம் கண்டுபிடித்த இழை.

ஆக, திரும்பி வந்தது வடிவம் மட்டும்தான். அந்த வடிவமும் எழுபதுகளின் சொந்தச் சரக்கு இல்லை. கப்பல் மாலுமிகள் போட்டது அது. கடற்படை கழித்துவிட்ட உடுப்புகள் மலிவாகக் கிடைக்க, அறுபதுகளின் ஹிப்பிகள் வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

[காட்சி: காலக்கோடு]

சரி, ஒரு உடை திரும்பி வர எத்தனை காலம் ஆகும்? 1937-லேயே ஜேம்ஸ் லேவர் என்ற உடை வரலாற்றாசிரியர் ஒரு கணக்குப் போட்டார். ஃபேஷன் போன பிறகு, மோசம் என்று தோன்ற 10 வருடம். கேலிக்குரியதாக 20. வேடிக்கையாக 30. வசீகரமாக 70. அழகு என்று ஒப்புக்கொள்ள 150! வருடக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் உடுத்தியவர்களின் நினைவு மங்கினால்தான் உடைக்கு மறுபிறவி என்பது உண்மை.

[காட்சி: பாரிஸ், 1971]

பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் அந்த வருடம் நாற்பதுகளின் உடைகளை மேடையேற்றினார். தோளில் பேட், குட்டைப் பாவாடை, தடித்த அடி வைத்த செருப்பு. பத்திரிகைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஏனென்றால் அது ஜெர்மன் ராணுவம் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த காலத்து உடை. துணித் தட்டுப்பாட்டில் பாவாடை குட்டையானது. தோல் கிடைக்காமல் செருப்புக்கு மரக்கட்டையில் அடி வைத்தார்கள். அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி ஸ்டைலாகத் தெரியும்? இளவட்டங்களுக்கு அந்த நினைவே இல்லை. அவர்கள் ஆசையாக வாங்கிப் போட்டார்கள்.

2000-களின் தாழ்ந்த இடுப்பு ஜீன்ஸும் இப்படித்தான் திரும்பி வந்திருக்கிறது. அன்று அதைப் போட்டுக்கொண்டு குனியப் பயந்தவர்களில் நானும் ஒருத்தி. இன்னொரு முறை, மன்னிக்கவும், முடியாது.

[காட்சி: வெள்ளைப் பளிங்குச் சிலை]

நினைவு மட்டுமில்லை, அசல் எப்படி இருந்தது என்றே தெரியாவிட்டால்? 1790-களில் பிரெஞ்சுப் பெண்கள் பழைய கிரேக்கத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மார்புக்குக் கீழே ஒரு கட்டு, அங்கிருந்து நேராகத் தொங்கும் வெள்ளை மஸ்லின். அசையும் சிலைதான். ஆனால் கிரேக்கச் சிலைகள் வெள்ளையாகவே இருந்ததில்லை. சிவப்பு, நீலம் என்று வண்ணம் பூசியிருந்தார்கள்; காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. அந்தப் பூச்சு தங்கியிருந்தால், பாரிஸ் பெண்கள் அன்று சிவப்பும் நீலமுமாக நடந்திருக்கலாம்.