ரோட்டரியின் முதல் பொதுப்பணி: ஒரு கழிப்பறை

ரோட்டரி சங்கம் என்றதும் போலியோ சொட்டு மருந்து நினைவுக்கு வரும். ரத்த தான முகாம், ஊர் எல்லையில் பல்சக்கரச் சின்னம் போட்ட பலகை, இவையும் வரும். ஆனால் ஊருக்காக ரோட்டரி எடுத்துச் செய்த முதல் பெரிய வேலை வேறு. சிகாகோவின் நடுநகரில் ஒரு பொதுக் கழிப்பறை வேண்டும் என்று மல்லுக்கு நின்றது.

(திரையில்: சிகாகோ, 1905)

பிப்ரவரி 23. வழக்கறிஞர் பால் ஹாரிஸும் இன்னும் மூன்று பேரும் கூடுகிறார்கள். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்காரர். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் சேரலாம் என்று பிறகு விதி வைத்தார்கள். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்ள அதுதான் வசதி. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று கணக்கு எழுதவே ஓர் ஆள் இருந்தார்! ஊர்ச்சேவை என்ற பேச்சே அப்போது இல்லை.

1906-ல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரைச் சேரச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். தங்களுக்குள் மட்டும் லாபம் பார்க்கும் சங்கம் ரொம்ப நாள் ஓடாது என்பது அவர் வாதம். சரி, நீங்களே வந்து மாற்றுங்கள் என்று உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சிகாகோவின் நலனும் சங்கத்தின் நோக்கம் என்று விதிகளில் ஏறியது அப்படித்தான்.

(திரையில்: நெரிசலான கடைவீதி, 1907)

அடுத்த ஆண்டு கழிப்பறை விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். நடுநகருக்கு வேலைக்கும் பொருள் வாங்கவும் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வருகிறார்கள். அவசரத்துக்கு ஒதுங்கப் பொது இடம் கிடையாது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன பெண்கள் யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை.

இதை யார் எதிர்ப்பார்கள் என்று தோன்றும். இரண்டு பலசாலிகள் எதிர்த்தார்கள். ஒன்று பீர் தயாரிப்பாளர் சங்கம்: ஊரில் சுமார் 6,000 மதுக்கடைகள் இருக்கின்றன, ஆண்கள் அங்கே போகலாமே என்றது. இன்னொன்று ஸ்டேட் தெருவின் பெரிய கடைகள்: பெண்களுக்கு எங்களிடம் வசதி இருக்கிறது என்றன. உள்ளே போனால் சும்மா வரமுடியாதே! ஆண் ஒரு கிளாஸ் பீர் வாங்கவேண்டும், பெண் ஏதாவது சாமான் வாங்கவேண்டும். ஒதுங்க இடமில்லாததே அவர்களுக்கு ஒரு வருமானம்.

ரோட்டரி சங்கம் மற்ற அமைப்புகளைக் கூட்டிக் குழு அமைத்து நகர நிர்வாகத்தை நெருக்கியது. நகரம் 20,000 டாலர் ஒதுக்க ஒப்புக்கொண்டது. இழுபறிக்குப் பிறகு கழிப்பறை வந்தது. இதில் எனக்குப் பிடித்தது, கட்டும் செலவைச் சங்கம் தன் தலையில் போட்டுக்கொள்ளாததுதான். நகரம் செய்யவேண்டியதை நகரத்தையே செய்யவைத்தார்கள். உறுப்பினர்களும் வியாபாரிகள்தான்; ஆனாலும் பெரிய கடைகளின் எதிர்ப்பைப் பார்த்துப் பயந்துவிடவில்லை.

(திரையில்: பூட்டிய கடைகள், காலியான தெரு)

அப்புறம் அரை நூற்றாண்டில் அமெரிக்க நடுநகரங்களின் பிரச்சினையே தலைகீழானது. 1956-ல் நாடு தழுவிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மினசோட்டாவில் முழுக்கக் கூரைக்குள் அடங்கிய சவுத்டேல் மால் திறந்தது. கார் நிறுத்த இடம் இருக்கும் பக்கம் ஜனங்கள் போய்விட்டார்கள். பழைய கடைவீதிகளில் பூட்டுத் தொங்கியது.

பெஞ்சு, செடி, மணிக்கூண்டு, கிறிஸ்துமஸ் விளக்கு என்று ரோட்டரி போன்ற சேவைச் சங்கங்கள் இந்த வீதிகளுக்குக் கைகொடுப்பது வழக்கம். நல்ல காரியம்தான். ஆனால் காலிக் கடைக்கு வாடகைக்கு ஆள் பிடிக்க, பிடிவாதமான கட்டட உரிமையாளரிடம் பத்து தடவை பேச, விடுமுறையில் உழைக்கும் தொண்டர்களால் முடியாது. அதுவும் ரோட்டரியில் ஜூலை 1 வந்தால் தலைவரே மாறிவிடுவார்.

வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை 1977-ல் இதற்கு ஒரு வழி தேடியது. இல்லினாயின் கேல்ஸ்பர்க், இந்தியானாவின் மேடிசன், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று மூன்று சிற்றூர்களில் சோதனை தொடங்கியது. ஒவ்வொன்றிலும் கடைவீதிக்கென்றே முழுநேர மேலாளர். அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். பழைய முகப்புகளைச் சீராக்குவது, புதுக் கடைகளைக் கொண்டுவருவது, விழா நடத்துவது, ஊர்க்காரர்களைச் சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மெயின் ஸ்ட்ரீட் திட்டம் இப்படித்தான் பிறந்தது. விழாவுக்கு ஆள், செடிக்குத் தண்ணீர், நகர மன்றக் கூட்டத்தில் பத்துக் குரல் என்று மேலாளர் தேடும்போது, அவர் கதவைத் தட்டும் இடங்களில் ஒன்று உள்ளூர்ச் சேவைச் சங்கம்.